இடது மூலையில் ஒரு வளையம்

மார்ச் 3

இன்றும் பாதி முகம்தான் சவரம் செய்திருக்கிறார். வலது கன்னம் பளபளவென்று இருக்கிறது, இடது கன்னத்தில் நேற்றைய முள் அப்படியே. "மாப்பிள்ளை மாதிரி இருக்கேனா?" என்றார். "பாதி மாப்பிள்ளை" என்றேன். ரேசரை வாங்கி மீதியை நானே முடித்துவிட்டேன்.

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண் மதியம் கேட்டாள், "அக்கா, உங்க வீட்டுக்காரருக்கு என்ன? பாத்தா நல்லாத்தானே இருக்கார்?" அதுதானே வம்பு. பார்த்தால் நல்லாத்தான் இருக்கிறார். மூன்று வருடம் முன்பு மூளையில் ரத்தக்குழாய் அடைத்தது. கை கால் தேறிவிட்டது, பேச்சு தேறிவிட்டது. கண்ணிலும் குறையில்லை, கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறவள் நான், எங்கள் கண் டாக்டரம்மாவிடமே உட்கார வைத்துச் சோதித்தாயிற்று. ஆனால் உலகத்துக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே இவர் நினைவுக்கு வருவதில்லை. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு "அவ்வளவுதானா?" என்பார்.

அதற்குத்தான் மேனேஜர். எங்கள் மகள், பதினொரு வயது, பதவி கொடுத்தவர் இவர். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து இவர் தட்டை அரைவட்டம் திருப்புவாள். இடதில் இருந்தது வலதுக்கு வந்துவிடும். "அட, இவ்வளவு இருக்கா?" என்று ஒவ்வொரு வேளையும் ஆச்சரியப்படுவார். ஆஸ்பத்திரியில் பயிற்சி கொடுத்த அம்மா சொன்ன வழி அது: ஏதோ குறைகிறது என்று தோன்றினால் பொருளைத் திருப்பிப் பாருங்கள். எங்கள் வீட்டில் எல்லாவற்றையும் திருப்புகிறோம். வெளியே போனால் நான் இவருக்கு இடது பக்கம் நடப்பேன். அது என் இடம்.

இவருடைய அடையாள அட்டை இந்த மாதத்தோடு முடிகிறது. இரண்டு பேருமாகப் போய்ப் புதுப்பிக்க வேண்டும்.

மார்ச் 6

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

மதியம் கடைக்குப் போன். "உங்க வீட்டுக்காரர் ஸ்டேஷன்ல இருக்கார், வாங்க." என்ன ஏது என்று சொல்லவில்லை. லென்ஸ் அரைக்கும் மெஷினை அணைத்தேனா இல்லையா, அதுகூட நினைவில்லை.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "நான் ஒண்ணும் பண்ணல" என்றார். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். நாற்பத்து நான்கு வயது மனிதர் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி.

நடந்தது இதுதான். பஸ் நிறுத்தத்தில் கூட்டம். இவருக்கு இடது பக்கம் ஒரு பெண். இவர் தோள் அவள் மேல் இடித்திருக்கிறது. அவள் நகர்ந்திருக்கிறாள். மறுபடியும் இடித்திருக்கிறது. இவருடைய இடது கை எங்கே தொங்குகிறது, யார் மேல் படுகிறது என்று இவருக்கே தெரியாது. இன்னொரு தடவை பட்டதும் அவள் கத்திவிட்டாள். சுற்றி நின்றவர்கள் அடித்துவிட்டார்கள். "எல்லாம் இடது பக்கமிருந்து வந்துச்சு. எங்கேர்ந்து அடிக்கறாங்கன்னே தெரியல. திரும்பித் திரும்பிப் பாத்தேன், யாருமே இல்ல" என்றார்.

ஆஸ்பத்திரிச் சீட்டைப் போனில் காட்டினேன். இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு, "இதை அங்கயே சொல்ல வேண்டியதுதானேம்மா? அவர் நெத்தியிலயா எழுதியிருக்கு?" என்றார். யாரிடம் சொல்வது? அடிக்கிற கையை நிறுத்தி வைத்துக்கொண்டா சொல்வது?

அந்தப் பெண் மூலையில் உட்கார்ந்திருந்தாள். போய் விளக்கினேன். "எனக்கு எப்படிக்கா தெரியும்?" என்று அழுதாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. நானாக இருந்தாலும் கத்தித்தான் இருப்பேன். அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. நாளைக்கும் யாராவது கத்துவார்கள், நியாயமாகத்தான் கத்துவார்கள்.

மார்ச் 7

டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர், உதட்டோடு போயிற்று, தலையில் பட்டிருந்தால் உள்ளே கசிவது நிற்காது என்றார். "இன்னொரு தடவை இப்படி நடக்கவே கூடாதும்மா." என்னவோ நான்தான் அடித்த மாதிரி என்னிடம் சொல்கிறார்.

மார்ச் 10

கடையில் கண் டாக்டரம்மா இன்று ஒரு விஷயம் சொன்னார். வெளியே தெரியாத குறை உள்ளவர்களுக்கு இப்போது அடையாள அட்டையிலேயே ஒரு சின்னக் குறி போட்டுத் தருகிறார்களாம். ஊதா வளையம், அட்டையின் கீழ் இடது மூலையில். என்ன குறை என்று அதில் இருக்காது. போலீஸ், பஸ் ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாருக்கும் வளையம் என்றால் என்ன என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கட்டாயமில்லை. கேட்டால்தான் போடுவார்கள்.

எனக்கு அப்போதே ஓடிப்போய் வாங்கிவிட வேண்டும் போலிருந்தது. சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன்.

"பழத்துல ஸ்டிக்கர் ஒட்டற மாதிரியா?" என்றார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. "ஆஸ்பத்திரியில என் கட்டிலுக்கு மேல ஒரு போர்டு தொங்கவிட்டிருந்தாங்க, ஞாபகம் இருக்கா? 'விழக்கூடியவர்'. வர்றவன் போறவன் எல்லாம் அந்தப் போர்டப் பாத்துட்டுத்தான் என் மூஞ்சியப் பாத்தான். லிஃப்ட் கம்பெனியில இருபது வருஷம் மெக்கானிக்கா இருந்தேன், அங்கயும் காகிதத்தப் படிச்சுட்டு வெளிய அனுப்பிட்டாங்க. இப்ப ஃபர்னிச்சர் குடோன்ல கேட் சாவி எங்கிட்ட இருக்கு. முதலாளிக்கு நான் உடம்பு தேறி வந்தவன், அவ்வளவுதான். இது போதும்."

"அடி வாங்கினீங்களே" என்றேன்.

"அது ஒரு நாள் வலி. வளையம் போட்டா எல்லா நாளும்." பிறகு, "எனக்கு வேண்டாம். நீயும் இதப் பத்திப் பேசாத. சரின்னு சொல்லு."

சரி என்றேன். மேனேஜர் தட்டைத் திருப்பினாள்.

மார்ச் 13

தெருவில் யார் கத்தினாலும் ஜன்னலுக்கு ஓடுகிறேன். இன்று கத்தியது பழைய பேப்பர்காரர்.

மார்ச் 18

செய்துவிட்டேன்.

அட்டை ஆபீசுக்கு இரண்டு பேரும் போனோம். கிளம்பும்போது ஆஸ்பத்திரிச் சான்றிதழை எடுத்துப் பையில் வைத்தேன். எதற்கு வைத்தேன்? சும்மா, எதற்கும் இருக்கட்டும் என்று. என்னிடமே பொய் சொல்கிறேன் பார்.

இவரைக் கேமராவுக்கு முன்னால் உட்காரச் சொன்னார்கள். நான் வழக்கம்போல இடது பக்கம் நின்றேன். விண்ணப்பத்தில் வலது ஓரம் கையெழுத்துக்கு இடம். இடது ஓரம் ஒரு சின்னக் கட்டம், 'குறி தேவை' என்று. பேனா என் கையில் இருந்தது. ஒரு கோடு போட்டேன். சான்றிதழை அடியில் செருகினேன். இவர் கண்ணெதிரில்தான் செய்தேன், இவர் மூக்குக்கு ஒரு முழம் தள்ளி. இவர் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும், பார்க்க மாட்டார் என்று. உலகத்திலேயே என் ஒருத்திக்குத்தான் அவ்வளவு நன்றாகத் தெரியும்.

"முழுசாப் படிச்சுப் பாத்தீங்களா சார்?" என்று கேட்டார் கவுன்டர்காரர்.

"பாத்தாச்சு" என்று கம்பீரமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார் இவர்.

வெளியே வந்ததும் டீ வாங்கிக் கொடுத்தார் எனக்கு.

மார்ச் 19

தப்புதான். ஆனால் உயிரோடு இருப்பார். உயிரோடு இருந்து என்னைத் திட்டட்டும்.

ஏப்ரல் 3

அட்டை வந்துவிட்டது. தபால்காரர் மணியடித்தபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன். உடம்பைத் துடைக்காமலே புடவையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தால், இவர் உறையைப் பிரித்து அட்டையைக் கையில் வைத்திருக்கிறார்.

"போட்டோல திருடன் மாதிரி இருக்கேன்" என்றார்.

படம் வலது பக்கம். பெயர் வலது பக்கம். வளையம் கீழே இடது மூலையில், கண்ணைக் குத்துகிற மாதிரி. என்ன ஊதா அது. இன்னும் கொஞ்சம் மங்கலாக அச்சடிக்கக் கூடாதா? இவர் அட்டையை முன்னும் பின்னும் பார்த்தார், விரலால் தடவினார், பர்ஸில் செருகிவிட்டார்.

நாங்கள் கடையில் லென்ஸின் நடுவில் மையால் ஒரு புள்ளி வைப்போம், அரைப்பதற்கு முன்பு. அந்தப் புள்ளி இல்லாமல் அரைத்தால் போடுகிறவருக்குத் தலைவலி வரும். கண்ணாடி தயாரானதும் துடைத்துவிட்டுத்தான் கொடுப்போம். இதைத் துடைக்க முடியாது.

ஏப்ரல் 5

மேனேஜர் பார்த்துவிட்டாள். இவர் பர்ஸிலிருந்து பஸ்ஸுக்குச் சில்லறை எடுக்கப் போனவள், அட்டையோடு சமையலறைக்கு வந்தாள்.

"அம்மா, அப்பா வேணாம்னுதானே சொன்னாரு?"

"மெதுவாப் பேசு. நீ சொல்லாத."

"பொய் சொல்லணுமா?"

"பொய் சொல்ல வேண்டாம். சும்மா இரு, போதும்."

"அப்ப தட்டையும் திருப்ப வேணாமா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். பதினொரு வயதில் இந்தப் பேச்சு. என்னிடமிருந்துதான் வந்திருக்கும்.

ராத்திரிச் சாப்பாட்டில் திருப்பினாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 9

இவருக்கு ஒரே ஆச்சரியம். "ஊர்ல எல்லாருக்கும் திடீர்னு நல்ல புத்தி வந்திருச்சு போலிருக்கு" என்கிறார். பஸ் பாஸ் எடுக்க அட்டையை நீட்டினாராம், வரிசையில் முன்னால் அனுப்பினார்களாம். பஸ்காரர் எழுந்து வந்து உட்கார இடம் பிடித்துக் கொடுத்தாராம். "நரை வந்ததும் மரியாதை கூடுது" என்று கண்ணாடியில் தலையைப் பார்த்துக்கொண்டார். வலது பக்கத் தலையை.

நான் சிரித்தேன். என்ன சிரிப்போ அது. யாராவது ஒருவர் வாய்தவறி "உங்க கார்டுல வளையம் இருக்கே" என்று சொன்னால் போயிற்று. தினமும் இவர் வீடு வந்து செருப்பைக் கழற்றும்வரை முகத்தையே பார்க்கிறேன். தெரிந்துவிட்டதா? தெரியவில்லையா? முன்பு அடிபட்டு வருவாரோ என்று பயந்தேன். இப்போது அதோடு இதுவும். ஒரு பயத்தைக் கொடுத்து இரண்டு பயம் வாங்கியிருக்கிறேன், நல்ல வியாபாரம்.

ஏப்ரல் 16

கடவுளே. இன்று நேரிலேயே பார்த்துவிட்டேன்.

சாயங்காலம் பாலத்துக்கு அந்தப் பக்கம் மருந்து வாங்கப் போனோம். என் செருப்பு வார் அறுந்துவிட்டது. குனிந்து சரிசெய்துகொண்டிருந்தேன், இவர் பேசிக்கொண்டே முன்னால் போய்விட்டார். பாலம் ஏறும் இடத்தில் போலீஸ் தடுப்பு. இடது பக்கம். தடுப்பைத் தோளால் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே நடக்கிறார். "ஏய், நில்லு" என்று இடது பக்கமிருந்து குரல். இவர் நின்றார். நின்று, குரல் வந்த பக்கத்தை விட்டுவிட்டு வலது பக்கம் தேடுகிறார். "யாரு? யாரு கூப்பிட்டது?" கேலி செய்கிறார் என்று நினைத்துவிட்டார் அந்தப் போலீஸ்காரர். இளவயது. தடியைத் தூக்கிவிட்டார். இவர் தலைக்கு நேராக.

ஒற்றைச் செருப்போடு ஓடினேன். "கார்டு, கார்டக் காட்டுங்க" என்று கத்தினேன். என் குரலா அது? இவர் வலது பையிலிருந்து பர்ஸை எடுத்து அட்டையை நீட்டினார், யாரிடம் நீட்டுகிறோம் என்று தெரியாமலே, காற்றில்.

போலீஸ்காரர் வாங்கிப் பார்த்தார். தடி இறங்கியது. அது இறங்கினதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அப்புறம் அவர் இவருக்கு நேரெதிரில் வந்து நின்று, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாக, "பாத்து... மெதுவா... போங்க... ஐயா" என்றார்.

"எனக்குக் காது நல்லாக் கேக்கும் தம்பி" என்றார் இவர்.

"இல்லைங்க, உங்க கார்டுல..."

"நேரமாச்சு, கடை மூடிருவாங்க" என்று அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாலத்தின் நடுவில் அழுதேன். செருப்புக்காக அழுகிறேன் என்று நினைத்து, "புதுசு வாங்கிக்கலாம், இதுக்குப் போயா" என்றார். "பாத்தியா, ரெண்டு வார்த்தை பேசினதும் எப்படி அடங்கிட்டான்."

நான் செய்தது சரி. சரிதான். இன்றைக்கு மட்டும் சரி என்று எழுதிக்கொள்கிறேன்.

ஏப்ரல் 23

குடோனில் இன்சூரன்ஸுக்காக எல்லாருடைய அட்டையையும் நகல் எடுத்தார்களாம். "என்னோடதத்தான் மொதல்ல குடுத்தேன்" என்றார். சோற்றில் கை வைத்தவள் அப்படியே எழுந்துவிட்டேன்.

ஏப்ரல் 25

சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

முதலாளி தங்கமாகப் பேசினாராம். "வெயில்ல கஷ்டப்பட வேணாம், உள்ள ஆபீஸ் ரூம்ல உட்காருங்க, சம்பளம் அதேதான்." உள்ளே என்ன வேலை என்று கேட்டிருக்கிறார் இவர். "சும்மா உட்காருங்க" என்றாராம்.

இந்தக் கேட்டை இவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று எனக்குத் தெரியும். சேர்ந்த அன்றே நாற்காலியைச் சுவரோரம் நகர்த்திப் போட்டுக்கொண்டார், இடது பக்கம் சுவர், வருகிற லாரி எல்லாம் வலது பக்கம். எவரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒன்றரை வருடமாக ஒரு நாற்காலி, ஒரு மேசைகூடக் கணக்குத் தப்பிப் போனதில்லை.

"நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று கேட்டார் என்னிடம். "ஏதோ விட்டிருக்கேன். எந்த லாரியிலயோ ஏதோ போயிருக்கும், முகத்துக்கு நேரா சொல்ல மனசு வராம உள்ள உட்கார வெச்சிருக்காரு."

"நீங்க ஒண்ணும் பண்ணல" என்றேன். அன்று ஸ்டேஷனில் இவர் சொன்ன அதே வார்த்தை.

சொல்ல வாய் திறந்தேன். மேனேஜர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூடிக்கொண்டேன்.

ஏப்ரல் 26

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். இவர் தலைவலி என்று படுத்துவிட்டார். தலைவலி என்றால் எனக்கு அந்தப் பழைய அடைப்புதான் ஞாபகம் வரும். நாளைக்கு.

ஏப்ரல் 28

ஞாயிறு. காலையில் சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பிவைத்திருந்தார். குடோனில் எழுதிவைத்த சீட்டுகள், வண்டி எண் குறித்த தாள்கள், பேனா, பர்ஸ். மேனேஜர் எதிரில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"மேனேஜர், அப்பா எங்கயோ ஒண்ண விட்டுட்டேன். கண்டுபிடிக்கணும்" என்றார். ஒவ்வொரு தாளையும் பார்த்தார், தலைகீழாகத் திருப்பினார், மறுபடி பார்த்தார், அடுத்ததை எடுத்தார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததை இவ்வளவு ஒழுங்காக இவர் செய்து நான் பார்த்ததில்லை. நான் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தாள்கள் முடிந்துவிட்டன. ஒன்றிலும் தப்பில்லை. பர்ஸைத் திறந்தார். அட்டையை எடுத்தார். பார்த்தார். திருப்பினார்.

மேனேஜரின் பேனா நின்றது. அதை வைத்துத்தான் எனக்குத் தெரிந்தது. குழாயை மூடினேன்.

வெகுநேரம் பார்த்தார். நேராகப் பிடித்தார், வளையம் போய்விட்டது. தலைகீழாகப் பிடித்தார், வந்துவிட்டது. இப்படி நாலைந்து தடவை. பிறகு என்னைக் கூப்பிடாமல், இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

"இது எப்ப?"

"அட்டை ஆபீஸ்ல."

"நானும் அங்கதானே இருந்தேன்?"

"ஆமா."

"நீ எந்தப் பக்கம் நின்ன?"

ஈரக்கையைப் புடவையில் துடைத்தேன். அவர் திரும்பவும் கேட்டார். சொன்னேன்.

"இடது."

தலையை ஆட்டினார், ஏதோ கணக்கு சரியாகிவிட்ட மாதிரி. தாள்களை அடுக்கினார். மேனேஜர் அழ ஆரம்பித்தாள், "எனக்கும் தெரியும்பா" என்று. "பரவாயில்ல, நீ எழுது" என்றார் அவளிடம்.

ஏப்ரல் 29

பேசவில்லை. தட்டை அவரே திருப்பிக்கொண்டார்.

ஏப்ரல் 30

இன்று காலை முகம் முழுக்கச் சவரம் செய்திருந்தார். இடது கன்னத்தில் வெட்டுக் காயம். கைவைத்துத் தடவித் தடவிச் செய்திருக்கிறார். மாத்திரையால் ரத்தம் நிற்கவில்லை. துண்டை எடுத்துக்கொண்டு போனேன், வாங்கிக்கொண்டார், என் விரல் படாமல்.

மே 2

முதலில் எழுதிவிடுகிறேன், இவர் பத்திரமாக இருக்கிறார். உள் அறையில் மேனேஜரோடு சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்.

காலையில் நான் எழுந்தபோது இவர் இல்லை. பர்ஸ் இல்லை, செருப்பு இல்லை. மேசை மேல் அட்டை மட்டும் இருந்தது. தலைகீழாக, வளையம் வலது பக்கம் தெரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருந்தார்.

அட்டை இல்லாமல். தனியாக. எத்தனை பேர் இடிபடுவார்கள், எத்தனை தடுப்பு, எத்தனை கை ஓங்கும் என்று என் மூளை பட்டியல் போட்டுக்கொண்டே போனது. அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் கூட்டம். ஒவ்வொரு தலைக்கும் நடுவில் தேடினேன். தூரத்தில் யாரோ கூட்டமாக நிற்க, நடுவில் ஒருவர் கீழே கிடந்தார். அங்கே ஓடினேன். டயர் மாற்றிக்கொண்டிருந்தார் அந்த ஆள். காருக்கு அடியில். திட்டக்கூட எனக்கு மூச்சு இல்லை.

குடோன் தெருவில் ஒரு நீளமான தொழிற்சாலைச் சுவர். அந்தச் சுவரை ஒட்டி எதிரே வந்துகொண்டிருந்தார். இடது தோளைச் சுவரில் அழுத்திக்கொண்டு, ஒரே சீராக. சட்டையின் இடது பக்கம் முழுக்கச் சுண்ணாம்பு.

"சுவரு இருந்தா அந்தப் பக்கம் யாரும் வரமாட்டாங்க" என்றார். நாலு நாளில் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

நடுத்தெருவில் நின்று சத்தம் போட்டேன். வாய்க்கு வந்ததை எல்லாம். பயந்துட்டேன், செத்துட்டேன், அன்னைக்குத் தடி ஓங்கினானே அது உங்களுக்குத் தெரியுமா, உங்க தலைக்கு நேரா ஓங்கினான், நான் பாத்தேன், நீங்க வேற பக்கம் பாத்துட்டிருந்தீங்க. இந்த வளையத்தப் பாத்துத்தான் கீழ இறக்கினான். உங்க பேச்சுக்கு இல்ல.

கேட்டுக்கொண்டார். ஓங்கினது தெரியாது என்றார். கொஞ்சம் முகம் வெளுத்தது.

அப்புறம் சொன்னார். "முதுகுல குத்தியிருந்தாக்கூட இவ்வளவு வலிச்சிருக்காது. முதுகு இருக்குன்னாவது எனக்கு ஞாபகம் இருக்கும். நீ எனக்கு இல்லாத பக்கத்துல நின்னு செஞ்ச."

கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

முதலாளியைப் பார்க்கத்தான் போயிருக்கிறார். "எனக்கு இடது பக்கம் வராதுன்னு நானே சொன்னேன். வளையம் சொல்றதுக்கும் நான் சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. நாற்காலிய ஏன் சுவரோரம் போட்டேன்னு காட்டினேன். ரெண்டு லாரி உள்ள வந்துச்சு, கூடவே நின்னு பாருங்கன்னேன். பாத்தாரு."

"சாவி குடுத்தாரா?"

"யோசிக்கறேன்னாரு."

வீட்டுக்கு நடந்தோம். "ஆபீஸ்ல போய் எடுத்துடலாம். கேட்டா வளையம் இல்லாம வேற அட்டை தருவாங்க. நானே வந்து சொல்றேன்" என்றேன்.

"நானும் யோசிக்கறேன்" என்றார்.

மே 6

பகல் ஷிஃப்டுக்கு மட்டும் சாவி. கூட இன்னொரு ஆள் ஒரு மாதம் நிற்பானாம். "எனக்குக் காவல்காரன், கேட்டுக்கு நான் காவல்காரன்" என்றார் மேனேஜரிடம். என்னிடம் இல்லை. ஆனால் நான் கேட்கிற தூரத்தில்.

மே 11

மருந்து தீர்ந்துவிட்டது. சாயங்காலம் கிளம்பினார். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்லவில்லை. தெருவில் இறங்கியதும் வழக்கம்போல இடது பக்கம் போனேன்.

நின்றுவிட்டார். "இந்தப் பக்கம் வா" என்றார்.

"அங்க யாரு பாத்துப்பா?"

"வா."

வலது பக்கம் போய் நின்றேன். கல்யாணமான புதிதில் நடந்த பக்கம். உடம்பு இருப்புக்கொள்ளவில்லை. ஒவ்வொரு ஆள் எதிரே வரும்போதும் எட்டி எட்டி அந்தப் பக்கம் பார்த்தேன். ஒரு பெரியவர் மேல் இடித்தார். "மன்னிச்சுக்கங்க, எனக்கு அந்தப் பக்கம் தெரியாது" என்றார் இவர், எந்தத் திசை என்று தெரியாமல் பொதுவாக. பெரியவர் முணுமுணுத்துக்கொண்டு போனார். எனக்கு வியர்த்துவிட்டது.

பாலத்தில் அதே தடுப்பு, வேறு போலீஸ்காரர். கை காட்டி, "நில்லுங்க" என்றார். குரல் கேட்டதும் இவர் உடம்பையே முழுசாகச் சுற்றி அவரைக் கண்டுபிடித்தார். பர்ஸிலிருந்து அட்டையை எடுத்தார். திருப்பினார். வளையத்தின் மேல் கட்டைவிரல் வைக்காமல் பிடித்து, தலைகீழாக நீட்டினார்.

"தலைகீழாக் குடுக்கறீங்களே" என்றார் போலீஸ்காரர்.

"இப்படிக் குடுத்தாத்தான் என்ன குடுக்கறேன்னு எனக்குத் தெரியும்" என்றார் இவர்.

அவர் விட்டுவிட்டார். பாலத்தில் காற்று. நான் மறுபடி இடது பக்கம் போகப் பார்த்தேன், தெரியாமல், கால் தானாகப் போயிற்று. முழங்கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அங்க கார்டு பாத்துக்கும், இல்லன்னா அடிபட்டுக்கறேன். நீ நான் பாக்கற பக்கம் இரு. உன்னைப் பாத்துட்டே நடக்கணும் நான்."

அப்படியே நடந்தோம். அவருடைய இடது பக்கம் காலியாக இருந்தது. அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. அவர் மருந்துக் கடை வரை என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.